என் ‘ஓம்’ கனடாவுக்குப் போன விதம்

எங்கள் பேச்சில் ‘ஓம்’ என்றால் ‘ஆம்’. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் காரியம் முழுக்க அந்த ‘ஓ’வை எவ்வளவு நீட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. வெட்டிச் சொன்னால் சம்மதம். ‘ஓமோம்’ என்று ஒட்டிச் சொன்னால், நீ சொல்வதில் ஒரு எழுத்தையும் நான் நம்பவில்லை. குரலை மெல்ல இறக்கி, ‘ஓ’வை நீட்டி, ‘ம்’மை மூக்குக்குள் விட்டுவிட்டால் அது ‘இல்லை’. மரியாதையான இல்லை.

நான் ஐம்பதைத் தாண்டியவன். வீட்டுக்கு வெளியே யாரிடமும் ‘இல்லை’ என்ற சொல்லை நேரடியாகச் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. கூச்சம். நீட்டுவேன், விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்ததன் பலனாக, வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக்கட்டடத்தில் தண்ணீர்த் தாங்கிக்கு நான் பொறுப்பாளன். யாருடைய வீட்டுக் குழாயில் காற்று வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்தப் பொறுப்பை ஏற்பீர்களா என்று கூட்டத்தில் கேட்டபோது, என் ஆயுளிலேயே மிக நீளமான ‘ஓ’வைத்தான் விட்டேன். கைதட்டினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குரலை உள்ளபடி பிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கடை. பழைய கசெட்டுகளையும் வீடியோ நாடாக்களையும் கணினியில் ஏற்றி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்போம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கடைக்காரர் மாளிகாவத்தைக்காரர். நான் அவரை முஸ்லிம்களின் வழக்கப்படி நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். “ஒரிஜினலைவிட நல்லா ஈக்கும்” என்று எல்லோருக்கும் சொல்லுவார். அது எப்படி முடியும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஓ.எல். வரைதான் படித்தவன். இந்த வேலையைச் செய்து செய்து விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். கசெட்டில் இருக்கும் ஒலி, பேனாவை எடுக்காமல் கீறிய ஒரே கோடு மாதிரி. ஏறும், இறங்கும், எங்கேயும் அறுபடாது. கணினிக்குக் கோடு பிடிக்காது. அதற்கு எண்கள் வேண்டும். ஆகவே அது கண்ணை மூடி மூடித் திறந்து பார்க்கிறது. திறக்கும் ஒவ்வொரு தடவையும் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. பிறகு அந்தப் புள்ளிகளை இணைத்து, இதுதான் உங்கள் அம்மாவின் குரல் என்று திருப்பித் தருகிறது. பாட்டுக்கென்றால் ஒரு செக்கனில் நாற்பத்துநாலாயிரத்து நூறு தடவை பார்க்கும். அது எனக்கு முதலில் அநியாயமாகத்தான் பட்டது. ஐம்பது வருடமாக என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஏன் அத்தனை தடவை? ஒரு அலை ஏறி இறங்குவதற்குள் இரண்டு தடவைக்கு மேலாவது பார்க்க வேண்டும். அதைவிடக் குறைத்துப் பார்த்தால் அலை தொலைந்துபோவதில்லை. தொலைந்தாலாவது பரவாயில்லை. அது வேறொரு அலையாக வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். இல்லாத ஒலி, இருந்த ஒலியின் இடத்தில்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கலியாண வீடியோக்களில் பார்க்கலாம். கமரா ஒரு செக்கனில் இருபத்தைந்து தடவைதான் பார்க்கிறது. காரின் சில்லு அதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் சுழல்கிறது. ஆகவே படத்தில் மணமக்களின் கார் முன்னால் போக, சில்லுகள் பின்னால் சுற்றும். ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து, “என்ர பிள்ளை புகுந்த வீட்டுக்குப் போற கார், சில்லு பின்னுக்குச் சுத்துது. இதை எப்பிடி நான் சம்பந்திக்குக் காட்டுறது?” என்று அழுதார். நானா அந்தத் துண்டை வெட்டி, அந்த இடத்தில் ஒரு ரோசாப்பூ விரிவதைப் போட்டுக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. உயரத்தை அளப்பதற்குக் கணினி ஓர் ஏணி வைத்திருக்கிறது. கோடு இரண்டு படிக்கு நடுவில் நின்றால், கிட்ட இருக்கும் படிக்குத் தள்ளிவிடும். படிகள் நிறைய இருந்தால் தள்ளியது தெரியாது. குறைவாக இருந்தால் மென்மையாக இருந்ததெல்லாம் முரடாகிவிடும். எங்கள் குடும்பத்தில் அந்த ஏணிக்கு இரண்டே படிதான். ஓம் ஒன்று, இல்லை ஒன்று.

இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தும் அது ஒரு சதத்துக்கும் உதவவில்லை. மகளின் விசயத்தில்தான் அதைக் கண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். இரத்மலானையில் துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலை ஒன்றில், ஆய்வுகூடத்தில் வேலை. கேட்ட நிறமும் வந்த நிறமும் ஒன்றுதானா என்று பார்ப்பது. எனக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலத்துக்கு நடுவில் இன்னும் நாலு நீலம் இருக்கிறது என்பாள். கடற்கரை ரயிலில் நின்றபடி போய், நின்றபடி வருவாள். அந்த வேலையில் அவளுக்கு அப்படியொரு சந்தோசம்.

கனடாவில் இருக்கும் என் அக்கா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். பெடியன் அங்கேயே வளர்ந்தவன், நல்ல வேலை. என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகள் தாயிடம் நேராகவே சொன்னாள்.

“அம்மா, எனக்கு வேண்டாம்.”

“பொம்பிளைப் பிள்ளையள் முதல்ல வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம்,” என்றாள் மனைவி. “நானும் சொன்னனான். இப்ப இருக்கேல்லையே?”

பிள்ளையின் ‘வேண்டாம்’ இப்படி ஒரே தள்ளில் ‘ஓம்’ என்ற மேல் படிக்கு ஏறிவிட்டது. அதன்பிறகு அவள் என்னிடம் வந்தாள். நான் பல்கனியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, அந்தப் பெடியனில ஒரு குறையும் இல்லை. எனக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பம். நான் சொன்னால் வெக்கப்படுறன் எண்டுவினம். நீங்கள் சொன்னால்தான் கேப்பினம். சனிக்கிழமை கனடா மாமி கேக்கேக்க இல்லை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

“ஓம்,” என்றேன். வெட்டித்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மாலை, அங்கே காலை. பிஸ்கட் டின்னில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு மூவரும் சோபாவில் இருந்தோம். சின்னத்திரையில் அக்கா, பெடியனின் தாய், தாய்க்குப் பின்னால் பெடியன். பெடியன் கையைத் தூக்கி, “ஹாய் அங்கிள்,” என்றான். நான் தலையை ஆட்டினேன்.

“அண்ணை ஒண்டும் கதைக்கிறார் இல்லை,” என்றார் பெடியனின் தாய்.

“அவன் அப்பிடித்தான்,” என்றாள் அக்கா. “சின்னனிலயே வாய் திறக்கமாட்டான். எல்லாத்துக்கும் ஓம்தான்.”

அக்காவைக் குறை சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு ஒரு தடவை வருகிறாள். வரும்போதெல்லாம் விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியைத் தூக்கியபடி என்னைப் பார்க்கிறாள். போகும்போதும் அப்படியே. அந்தப் புள்ளிகளை இணைத்தால் வருகிற கோடு இதுதான்: தம்பி பெட்டி தூக்குவான், ஓம் என்பான். நடுவில் நான் என்ன செய்தேன், எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்பது அவள் கண்ணை மூடியிருந்த நேரம்.

“சரி தம்பி, நீ சொல்லு. பிள்ளையின்ர விசயத்தை முற்றாக்குவமோ?”

மகள் என்னைப் பார்த்தாள். மனைவி என் தொடையில் விரலால் குத்தினாள். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்ல என் வாய் உருளவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். குரலை இறக்கி, ‘ஓ’வை நீட்டி, ‘ம்’மை மூக்குக்குள் விட்டேன். சோபாவில் இருந்த மூவருக்கும் அது இல்லை என்றுதான் கேட்டது. மனைவியின் விரல் தொடையிலிருந்து எடுபட்டது.

திரையில் அக்கா கையைத் தட்டினாள்.

“பாத்தியளே! டக்கெண்டு ஓம் எண்டிட்டான்!”

டக்கென்றா?

மறுநாள் கடையில் இருந்து யோசித்தபோதுதான் விளங்கியது. இந்த வீடியோ அழைப்புகளில் இரைச்சலைத் தள்ளிவிடும் வசதி ஒன்று இருக்கிறது. மாறாமல் ஒரே மாதிரி நீளமாக ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று முடிவுகட்டிவிடும். மின்விசிறி, ரயில், என் ‘ஓ’. மூன்றையும் ஒரே தட்டில் போட்டு வழித்தெறிந்துவிட்டு, தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் ஒட்டி அனுப்பியிருக்கிறது. இங்கே நான் இறக்கிவைத்த ‘இல்லை’, அங்கே துள்ளிக்கொண்டு ‘ஓம்’ என்று போய் இறங்கியிருக்கிறது. கார் முன்னால் போக, சில்லு பின்னால் சுற்றியதைப் போல.

வாரம் முடிவதற்குள் அக்கா கலியாண மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டாள். என் மனைவிக்கு நல்ல காது இருக்கிறது. பக்கத்துவீட்டில் தேங்காய் உடைத்தால் அது இளநீரா முற்றலா என்று சொல்லுவாள். நான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த ஒலி வசதியாக இருந்தபடியால், அதையே மூலப் பிரதியாக வைத்துக்கொண்டாள்.

“நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்?”

“நான் நீட்டினனான்.”

“நீட்டினது ஆருக்குத் தெரியும்? மச்சாள் கேட்டவா, ஓம் எண்டு கேட்டிச்சுது. முடிஞ்சுது.”

மகள் எங்களோடு இருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேலையால் வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். ஒருநாள் மட்டும், சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவியபடி திரும்பாமல் சொன்னாள்: “எனக்குக் கேட்டது அப்பா. அங்கதான் போகேல்லை.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். குற்றம் வழியில் என்றால், வழியைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். கடையில் ஒரு சின்னப் பதிவு அறை இருக்கிறது. சுவரெல்லாம் நுரைமெத்தை. உள்ளே நல்ல மைக் ஒன்று.

“நானா, எனக்கு ஒரு சின்னப் பதிவு வேணும்.”

“பாட்டா?”

“ஓம்.”

“என்ன பாட்டு?”

“நானா, ‘ஓம்’ எண்டதைத்தான் பதியோணும்.”

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்கட மந்திரமா? செருப்பைக் கழட்டிட்டுப் போங்க அப்ப.”

மந்திரம் இல்லை என்று விளக்க வெட்கமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே போனேன். இரைச்சல் தள்ளும் வசதி எல்லாவற்றையும் நிறுத்தினேன். செக்கனுக்கு நாற்பத்துநாலாயிரத்து நூறு தடவை. ஏணியிலும் எங்கள் மெசினில் இருந்த அத்தனை படிகளும். பலமுறை சொல்லிச் சொல்லி அழித்தேன். கடைசியில் ஒன்று வந்தது. ‘ஓ’ மெல்லத் தொடங்கி, கொஞ்சம் தயங்கி, படிப்படியாக இறங்கி, மூக்குக்குள் போய் ஒடுங்கியது. திரையில் பார்த்தால் வால் மெலிந்த மீன் மாதிரி இருந்தது. அதில் என் மனவருத்தம் முழுவதும் இருந்தது. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. இதைக் கேட்டுமா விளங்காது என்று அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் எழுத்திலும் ‘ஓம்’ என்றுதானே வரும்.

இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்தாள். குரல் தழுதழுத்தது.

“தம்பி, நீ அனுப்பினதைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. நல்ல காரியம் தொடங்க முதல் ஓங்காரம் அனுப்போணும் எண்டு உனக்குத் தோணிச்சே! உனக்குள்ள இவ்வளவு பக்தி இருக்கெண்டு எனக்குத் தெரியாது. நான் எல்லாருக்கும் அனுப்பிட்டன். அவையள் வீட்டில விளக்கேத்தேக்க அதைத்தான் போடுகினம். பெடியன் தன்ர போனில காலமை எழும்புற மணியாப் போட்டிருக்கிறான்.”

கனடாவில் ஒரு வீட்டில், நாள்தோறும் காலையில், என் மறுப்பு ஒலித்து ஒரு மாப்பிள்ளையைக் கட்டிலால் எழுப்பிக்கொண்டிருந்தது. அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். செக்கனுக்கு எத்தனை தடவை பார்த்தாலும், கடைசியில் அதைக் கேட்கும் காது ஏற்கெனவே முடிவெடுத்த காதென்றால் அத்தனை புள்ளியும் வீண்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்வது.

அடுத்த சனிக்கிழமை, மறுபடி பிஸ்கட் டின், மறுபடி அதே முகங்கள். அழைப்பிதழில் யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்பது அன்றைய கதை. மகள் அறைக்குள்ளிருந்து வரவில்லை. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் தண்ணீர் குடித்தேன். தொழில் அறிவு சொன்னது: நீட்டாதே. மெதுவாகத் தொடங்காதே. வெட்டிச் சொல்.

“இல்லை,” என்றேன்.

எல்லோரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். வெட்டித்தான் சொன்னேன், ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. மனைவி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, ஏதோ சொன்னியோ? கேக்கேல்லை.”

“இல்லை.”

“ஒண்டும் சொல்லேல்லையாம்,” என்றாள் அக்கா மற்றவர்களுக்கு.

ஒரே சொல்லில் எத்தனை குழி இருக்கிறது பாருங்கள். நான் எழும்பி நின்றேன். தொலைபேசியில் என் வயிறு மட்டும் தெரிந்திருக்கும். கதவிடுக்கில் மகளின் கால் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மாத்தறைப் பக்கம் போகும் ரயில் வந்தது. எங்கள் வீட்டில் ரயில் போகும்போது கதைப்பதில்லை. கதைத்தால் கத்த வேண்டும். நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை எழும்பி நிற்கமாட்டேன் என்று தெரிந்தது. ரயிலுக்கு மேலால் குரலைப் போட்டேன்.

“இல்லை! இந்தக் கலியாணம் வேண்டாம்! பிள்ளைக்கு விருப்பமில்லை! எனக்கும் விருப்பமில்லை! இல்லை! இல்லை!”

ரயில் போய்விட்டது. என் கடைசி ‘இல்லை’க்கு அது காத்திருக்கவில்லை, அந்தச் சொல் சத்தமற்ற வீட்டில் தனியாக ஒலித்தது. மேல்மாடியில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். கீழே ஒழுங்கையில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் ஓட்டோவும் அந்தப் பாட்டை நிறுத்தியது.

திரையில் மூன்று முகமும் அப்படியே நின்றன. இணைப்பு உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு பெடியன்தான் முதலில் அசைந்தான்.

“ஓகே அங்கிள். ஓகே. நோ ப்ராப்ளம்,” என்றான். அவனுடைய தாய் திரும்பிப் பார்ப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டான். அவன் முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. காலையில் இனி வேறு மணியோடு எழும்பலாம்.

பெடியனின் தாய், “நல்லது, இப்பவே தெரிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அக்கா மட்டும் மிஞ்சினாள்.

“ஏன்ரா தம்பி அப்பிடிக் கத்தினனீ? மெல்லமாச் சொல்லியிருக்கலாமே?”

“ரெயில் போனது அக்கா.”

“என்ன ரெயில்? இஞ்ச ஒரு சத்தமும் கேக்கேல்லை. ஊசி விழுந்தாலும் கேக்கிற அமைதியில நீ நிண்டு கத்தினாய்.”

அதுதான் நடந்தது. இரைச்சல் தள்ளும் வசதி இந்தத் தடவை ரயிலை ஒழுங்காக வழித்தெறிந்துவிட்டது. ரயிலோடு போட்டிபோட்ட என் குரலை அப்படியே அனுப்பிவிட்டது. அதிலும் அந்த உயரம் ஏணியின் கடைசிப் படியையும் தாண்டியிருக்கும். தாண்டினால் அலையின் தலையைச் சமமாக வெட்டிவிடும். குரல் கரகரவென்று கிழியும். ஆகவே கனடாவில் அவர்கள் கண்டது இதுதான்: அமைதியான ஒரு வீட்டில், ஒரு காரணமும் இல்லாமல் எழும்பி நின்று, வயிற்றைக் காட்டிக்கொண்டு, கிழிந்த குரலில் கத்தும் ஒரு மனிதன்.

எங்கள் சொந்தக்காரர்களிடம் இப்போது புதுக் கோடு ஒன்று ஓடுகிறது. நான் சரியான கோபக்காரனாம். இவ்வளவு காலமும் அடக்கிவைத்திருந்தேனாம். ஒரு புள்ளி போதும், அதிலிருந்து கோட்டை எந்தப் பக்கம் வேண்டுமென்றாலும் இழுக்கலாம். இரண்டு கிழமைக்குப் பிறகு மாடிக்கட்டடத்துத் தலைவர் கதவைத் தட்டாமல், வாசலில் நின்று இருமினார். “அண்ணை, தண்ணித் தாங்கி வேலை உங்களுக்குக் கரைச்சலெண்டால் சொல்லுங்கோ. வேற ஆளைப் பாப்பம். கோவிக்காதேங்கோ,” என்றார். கொடுத்துவிட்டேன்.

மகள் திங்கட்கிழமை வழக்கம்போல ரயிலுக்குப் போனாள். சப்பாத்து மாட்டியபடி, “அப்பா, ரெயிலுக்குள்ள இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்கும்,” என்றாள். சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் படியிறங்கினாள். அன்றிரவு அவள் எங்களோடு இருந்து சாப்பிட்டாள். ஆய்வுகூடத்தில் ஒரு பச்சை சரிவராமல் படுத்திய பாட்டைச் சொன்னாள்.

மனைவிதான் கனநாள் என்னோடு கதைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“லண்டனில ஒரு பெடியன் இருக்கிறானாம். மச்சாள் சொன்னவா. கேட்டுப் பாக்கட்டோ?”

எங்களுக்கு நடுவில் தொலைபேசி இல்லை, கனடா இல்லை. ரயிலும் இல்லை. குரலை இறக்கி, ‘ஓ’வை நீட்டி, ‘ம்’மை மூக்குக்குள் விட்டேன். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

“சரி, சரி. விளங்குது,” என்றாள். “கத்த வேண்டாம்.”